மூணு நாள் வெயில்

ரூமுங்களா? இது வாடகைக்கு விடற ரூம் இல்லீங்க தம்பி. கட்டிலு, மேசை, அடுப்பு எல்லாம் இருக்கறதப் பாத்துட்டுக் கேக்கறீங்க. காலையில இருந்து நீங்க மூணாவது ஆளு. வீட்டுக்கார அம்மா செசிலி சர்ச்சுக்குப் போயிருக்காங்க, ஞாயித்துக்கெழமை பூசை. முடிஞ்சதும் வந்துருவாங்க. மாடியில ஒரு ரூம் உண்டு. அது காலியா இல்லையான்னு அவங்களத்தான் கேக்கணும். சித்த உக்காருங்க. இந்தப் பக்கமா உக்காருங்க, அந்தத் தொவைக்கிற கல்லு மேல இந்நேரம் வெயில் சுடும்.

நாளன்னைக்கு தைப்பூசம் பாருங்க, திருச்செந்தூர்ல ஒரு லாட்ஜுலயும் எடம் கெடைக்காது. நாங்களும் மொதத் தடவை அப்படித்தான் அலஞ்சோம். ஒரு ஆட்டோக்காரரு பாவம் பாத்து இந்த வீரபாண்டியன்பட்டினத்துல கொண்டாந்து எறக்கி உட்டாரு. நாங்கன்னா, நானும் என்ற சம்சாரமும். கமலவேணின்னு பேரு. வேணின்னுதான் கூப்பிடுவேன். அது ஆச்சுங்க, பதினேழு வருஷம்.

நீங்க எந்த ஊரு? பெங்களூருங்களா. கார்ல இருக்கறது உங்க வீட்டுக்காரம்மாவா? எத்தனை நாளைக்கு வந்திருக்கீங்க? ரெண்டு நாளு. அது சரி.

நமக்குக் கோத்தகிரி. ஊட்டிக்கு இந்தப் பக்கம். வந்திருப்பீங்களே. எல்லாரும் வர்றாங்க, ஒரு குல்லா வாங்கி மாட்டிக்கிட்டு ரெண்டு நாளு நடுங்கிப்போட்டு, போட்டோ எடுத்துட்டு எறங்கிப் போயிர்றாங்க. நாங்க அங்கிருந்து வேர்க்கறதுக்குன்னு கீழ வருவோம். சிரிக்காதீங்க தம்பி, நெசந்தான். எங்க ஊட்டுல ஃபேனே கெடையாது. இங்க மொத நாளு ராத்திரி ஃபேனப் போட்டுட்டு வேணி அதையே பாத்துட்டுப் படுத்திருந்தா. எதுக்கு இத்தனை வேகம், கொறைச்சு வைக்கட்டான்னு நான் கேட்டதுக்கு, இருக்கட்டுங்கன்னா.

நான் டீ ஃபேக்டரியில டீமேக்கரா இருந்தேனுங்க. டீமேக்கர்னா டீ போட்டுக் குடுக்கறவன் இல்ல. பறிச்ச எலை உள்ள வந்ததுல இருந்து தூளா வெளிய போற வரைக்கும் அவன் பொறுப்பு. எலைய வாடப்போடணும், அரைக்கணும், பதம் பாத்து டிரையர்ல உட்டுக் காய வைக்கணும். கொஞ்சம் ஈரம் நின்னுருச்சுன்னா அத்தனையும் பூசணம் பூத்துரும். மிசினெல்லாம் பின்னாடி வந்ததுங்க. நான் ரெண்டு வெரல்ல ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கிப் பாத்தே சொல்லிப்போடுவேன், இன்னும் ஈரம் இருக்குதா இல்லையான்னு. முப்பத்தொரு வருஷம். மூட்டை கட்டி அனுப்புன தூளுல ஒரு லாட்டு கூட ஈரம்னு திரும்பி வந்தது கெடையாது. கோத்தகிரி பஜார்ல போய் டீமேக்கர் தண்டபாணின்னு கேட்டுப் பாருங்க.

வேணிக்கு நெஞ்சுச் சளி. எளைப்பு. ஆடி மாசம் புடிச்சா மாசி வரைக்கும் உடாது. எங்க குவார்ட்டர்ஸ் செவுத்துல தண்ணி கசியும். தொவைச்ச துணி எட்டு நாளானாலும் காயாது, குளிர் காயற கரிச்சட்டிக்கு மேல கயிறு கட்டிப் போட்டு வெச்சிருப்பா. ரெண்டு ஸ்வெட்டரு, மப்ளரு, காலுக்கு சாக்ஸு. அதோடயேதான் சமைப்பா, அதோடயேதான் தூங்குவா. ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தானே இருக்காங்கன்னு நானும் இருந்துட்டேன். ஒருக்கா மூச்சு நின்னே போற மாதிரி ஆகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க ஒரு லேடி டாக்டரு. இந்தம்மாவக் கீழ சூடான ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க.

கூட்டிட்டுப் போனேனுங்க. அதுல ஒரு கொறையும் வெக்கல. அடுத்த தை மாசமே லீவு எழுதிக் குடுத்துட்டு, கோயமுத்தூர் வந்து திருச்செந்தூர் பஸ் புடிச்சாச்சு. மூணு நாளு. வருஷா வருஷம் மூணு நாளு. பதினாறு தடவை. அந்த மலையில பொண்டாட்டிய வருஷம் தவறாம டூர் கூட்டிட்டுப் போனவன் எவன் இருக்கான், சொல்லுங்க. எஸ்டேட்டுல இருக்கற பொம்பளைங்க எல்லாம் வேணியப் பாத்து, உனக்கென்னம்மா, குடுத்து வெச்சவன்னு சொல்லுவாங்க. அவ சிரிச்சுக்குவா.

எனக்கு எதையும் ஒழுங்கா செய்யணும். மொத நாளு திருச்செந்தூர் கோயிலு, நாழிக்கிணறு. ரெண்டாம் நாளு காலையில கெளம்பிக் கன்னியாகுமரி, சாயங்காலம் திரும்பறது. மூணாம் நாளு கருவாடு, பனங்கல்கண்டு வாங்கிட்டு மத்தியானம் ஒரு மணி பஸ். பேப்பர்ல எழுதி சட்டைப்பையில வெச்சிருப்பேன். மொத வருஷம் எல்லாத்துக்கும் கூட வந்தா. ரெண்டாவது வருஷம் கன்னியாகுமரிக்குக் கெளம்பறப்ப, நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கியே இருக்கறேன்னுட்டா. ஏம்மான்னா, சும்மாதானுங்க, வெயிலா இருக்குதுன்னா. வெயிலா இருக்குதுன்னு வர மாட்டேங்கறாளாக்கும்னு எனக்குக் கோவம். நான் ஒருத்தனாப் போய் மூணு கடலும் சேர்றதப் பாத்துட்டு, ஒருத்தனாத் திரும்பி வந்தேன்.

வந்து பாத்தா இதே முத்தத்துல, அந்தக் கல்லு மேலதான் உக்காந்திருக்கா. ஸ்வெட்டர் இல்ல, சாக்ஸு இல்ல. ரெண்டு காலையும் வெயிலுக்கு நீட்டி வெச்சுக்கிட்டு செசிலியோட பேசீட்டிருக்கா. காலையில நான் போறப்ப எப்படி உக்காந்திருந்தாளோ அப்படியே. பக்கத்துல கொடியில நாங்க போத்திக்கற பஞ்சு ரஜாயி காயுது. ஆமாங்க, மலையில இருந்து ரஜாயத் தூக்கிட்டு வந்திருக்கா, தொவைச்சுக் காயப்போடறதுக்கு. ஊர் உலகத்துல டூர் வர்றவன் கேமராவத் தூக்கிட்டு வருவான், நம்மாளு ஈர ரஜாயத் தூக்கிட்டு வந்திருக்காளேன்னு எனக்கு மானம் போச்சு. கறுத்துப் போயிருவே, உள்ள வா அப்படீன்னேன். வந்துட்டா. அவ பாதத்த நான் பாக்கறதே வருஷத்துல அந்த மூணு நாளுதானுங்க. அப்பப் பாத்துட்டுச் சொன்னது இந்த வார்த்தை.

மூணாம் நாளு காலையில மட்டும் ஒண்ணு கேப்பா. ஏனுங்க, இன்னொரு நாள் இருந்துட்டுப் போலாமுங்களாம்பா. எல்லா வருஷமும் கேப்பா. ஃபேக்டரி என்னாகறது, நான் இல்லீன்னா டிரையர யாரு பாக்கறதும்பேன். சரிங்கன்னு பையெடுத்து வைப்பா. ஒரு தடவைக்கு மேல கேக்க மாட்டா. அது அவகிட்ட நல்ல கொணம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறறப்ப ரெண்டாவது வளைவுல ஸ்வெட்டர எடுத்து மாட்டுவா, நாலாவது வளைவுல இருமல் ஆரம்பிக்கும்.

அவகிட்ட இருந்த ஒரே கெட்ட பழக்கம் மறதிங்க. வீட்டுல ஒண்ணும் மறக்க மாட்டா. எந்த டப்பாவுல எத்தனை வெந்தயம் இருக்குதுன்னு சொல்லுவா. இங்க வந்தா போதும், எதையாவது மறந்து வெச்சுப்போட்டு வந்துருவா. மூணாவது வருஷம்னு நெனைக்கறேன், காப்பி ஃபில்டர். அதுக்கடுத்தது என்ற வேட்டி ஒண்ணு, நீலக்கரை போட்டது. அப்பறம் ஷேவிங் செட்டு. ஊருக்குப் போய் எங்கடீன்னு தேடினா, அங்கியே வெச்சுட்டு வந்துட்டேனாட்ட இருக்குதுங்க, அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்பா. அடுத்த வருஷம் எடுக்கறதுக்குப் பதிலா வேற ஒண்ணு மறந்துட்டு வருவா. அலாரம் டைம்பீஸு, படிக்கிற கண்ணாடி, முருகர் படம். முருகர் படத்த எதுக்குடி டூருக்குத் தூக்கிட்டு வந்தேன்னா, கோயில்ல வெச்சுக் கும்பிடறதுக்குங்கன்னா.

நான் திட்டாத திட்டு இல்ல. பக்கத்து ஊட்டுக்காரங்க முன்னாடியே மறதிக்காரி, மறதிக்காரின்னு கூப்பிடுவேன். கெளம்பறப்ப நானே ரூமுல கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னால எல்லாம் பாத்துட்டுத்தான் எறங்குவேன். ஒண்ணும் இருக்காது. ஊருக்குப் போனா ஒண்ணு கொறையும். கடைசியில அதே லேடி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன், இவளுக்கு மறதி வந்துருச்சு, மருந்து குடுங்கன்னு. அந்தம்மா அவள நாலு கேள்வி கேட்டாங்க. எங்கிட்டத் திரும்பி, உங்க சம்சாரத்துக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்குது, நான் மொதல்ல சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்குதான்னாங்க.

இருக்குதுங்க. அதான் வருஷா வருஷம் கூட்டிட்டுப் போறேனேன்னேன். அந்தம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம் சீட்டுலயே என்னமோ எழுதீட்டிருந்தாங்க.

உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது தம்பி. அந்தம்மா மொதல்ல சொன்னது டூர் இல்லீங்க. கீழ போய்க் குடியிருங்கன்னாங்க. இந்த மலை இந்தம்மாவுக்கு ஆகாது, இங்கியே வெச்சிருந்தா நெஞ்சு தாங்காதுன்னு தெளிவாச் சொன்னாங்க. எனக்குக் காது கேக்காம இல்ல. வேணியும் பக்கத்துலதான் இருந்தா. வெளிய வந்து நாந்தான் சொன்னேன், வேலைய உட்டுட்டுப் போக முடியுமா, வருஷம் ஒருக்கா கூட்டிட்டுப் போறேன்னு. சரிங்கன்னா.

ரிட்டயர் ஆனப்ப வேலைங்கற சாக்கும் போயிருச்சு. குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும். இனி எங்கிங்க போறதுன்னு கேட்டா. கேட்ட மொகத்தப் பாத்துட்டு, பாக்காத மாதிரி இருந்துட்டேன். கோத்தகிரியிலயே ஒரு வீடு பாத்துட்டேன்னேன். பஜாருக்கு எறங்கினா நாலு பேரு டீமேக்கரய்யான்னு எந்திரிச்சு நிக்கறானுங்க. கீழ வந்தா நான் ஆரு? பஸ்ஸுல எடம் கூடத் தர மாட்டான். அதுக்காகத்தான் தம்பி. வேற காரணமே இல்ல. அப்பறமும் அதே மூணு நாளு. ரிட்டயர் ஆனவனுக்கு லீவு எதுக்கு? ஆனாலும் இன்னொரு நாள் இருக்கலாமுங்களான்னு கேட்டா, பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சேம்பேன்.

போன வருஷம் தையில அதுவும் இல்ல. ஃபேக்டரியில புது டிரையர் எறக்கியிருந்தாங்க, யாருக்கும் ஓட்டத் தெரியல. தண்டபாணியக் கூப்பிடுன்னு மேனேஜரே ஊட்டுக்கு வந்துட்டாரு. நமக்குத் தலகால் புரியல. இந்த வருஷம் போவ வேண்டாம் வேணி, கடல் எங்கியும் ஓடிப் போயிராதுன்னேன். செசிலிக்கு மட்டும் ஒரு போன் பண்ணிச் சொல்லிடறேனுங்கன்னு போனா. கதவச் சாத்தீட்டு ரொம்ப நேரம் பேசீட்டிருந்தா. நான் ரெண்டு மாசம் அந்த டிரையர் கிட்டயே நின்னு, எலை காய்ஞ்சுதா, ஈரம் நிக்குதான்னு பாத்துட்டிருந்தேன்.

ஐப்பசி மழையில போயிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட போகல. சாயங்காலம் கரிச்சட்டி பக்கத்துல உக்காந்து கால நீட்டியிருந்தா. டீ போட்டுத் தரட்டான்னு கேட்டேன், பதில் இல்ல. எங்களுக்குக் கொழந்த குட்டி கெடையாது. பக்கத்து ஊட்டுக்காரங்கதான் வந்து எல்லாம் பண்ணுனாங்க. தூக்கறப்பக் கூட சாக்ஸு போட்டுத்தான் இருந்தா.

போன வாரம் செசிலிகிட்ட இருந்து போனு. அண்ணாச்சி, அக்கா சாமானெல்லாம் நம்ம வலை ரூம்லதான் கெடக்கு, நீங்க வந்து பாத்து என்ன செய்யணும்னு சொல்லுங்கன்னாங்க. அவங்க வீட்டுக்காரரு இருந்தப்ப வலை போட்டு வெச்ச ரூமு இது, அவரு போனதுல இருந்து சும்மாக் கெடந்தது. மறந்து வெச்ச ஃபில்டரும் வேட்டியும்தானே, ஒரு பையி போதும்னு, ஒரு காலிப் பையோட வந்தேன். எப்பவும் போல மூணு நாளைக்குத் திரும்பற டிக்கெட்டும் எடுத்துட்டேன்.

செசிலி கதவத் தொறந்து உட்டுட்டு, உள்ள வராம வாசல்லயே நின்னுட்டாங்க. நீங்க இப்பப் பாத்தீங்களே, அதைத்தான் நானும் பாத்தேன். ஜன்னலுக்குத் திரை. அது அவ பழைய சேலை. அடுப்பு, இட்லிப் பானை, ஃபில்டரு. தட்டு ரெண்டு, டம்ளரு ரெண்டு. செவுத்துல முருகரு. கொடியில தொவைச்சு மடிச்ச எங்க ரஜாயி. என்ற வேட்டி ஒண்ணில்ல, மூணு. மேசை மேல ஷேவிங் செட்டு, பக்கத்துல கண்ணாடி, கூட்டுக்குள்ள வெச்சு. நான் படுக்கற எடது பக்கமாப் பாத்து டைம்பீஸு.

மறதி இல்லீங்க தம்பி. இத்தனை வருஷமா அவ வீடு மாத்தீட்டிருந்திருக்கா. நான் ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சு ஒவ்வொண்ணாக் கொண்டாந்து, எனக்குத் தெரியாம செசிலிகிட்டக் குடுத்திருக்கா. கட்டிலும் மேசையும் மட்டுந்தான் செசிலியோடது. அவளுக்கு மட்டும் வெச்சிருந்தாக் கூட எனக்குத் தாங்கும். எனக்கும் சேத்து வெச்சிருக்கா.

செசிலிகிட்டக் கேட்டேன், ஏம்மா, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேன்னு. சொல்லட்டான்னு அக்காகிட்ட எத்தனையோ மட்டம் கேட்டேன் அண்ணாச்சின்னாங்க. "அவுக மனசு ஒருநா மாறும் செசிலி, அன்னைக்கு இது இல்ல அது இல்லன்னு ஒரு சாக்கு சொல்லிரக் கூடாதுன்னு சொன்னாவ. கடைசியாப் போன்ல பேசும்போதும் அதத்தான் சொன்னாவ."

கொஞ்சம் இருங்க. கண்ணுல மண்ணு கிண்ணு இல்ல, அழுகைதான். வயசாயிருச்சு, வெக்கமெல்லாம் போயிருச்சு.

கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருந்தது, அதுல இருக்கறது பூராத்தையும் எடுத்துப் பாத்தேன். அவ சேலை, ஜாக்கெட்டு, ஒரு பழைய செருப்பு. மலைக்காரன் புத்தி பாருங்க, அடியில ஸ்வெட்டர் இருக்கும், மப்ளர் இருக்கும்னு கைய உட்டுத் தேடறேன். ஒண்ணு கூட இல்ல. ஒரு சாக்ஸு இல்ல. அவ வெக்கவே இல்ல.

அடியில ஒரு டீத்தூள் டின்னு இருந்தது. ஒட்டியிருந்த சீட்டுல என்ற கையெழுத்து. பத்து வருஷத்துக்கு முந்தி, எனக்குன்னு பாத்துப் பாத்து நான் செஞ்ச லாட்டு. கடல் காத்துல இத்தனை வருஷத்துல நமுத்துத்தான போயிருக்கணும்? அக்கா சொல்லியிருந்தாங்கன்னு மாசாமாசம் செசிலி இந்த ரூம்ல இருக்கற எல்லாத்தையும் முத்தத்துல வெயில் காட்டி எடுத்து வெச்சிருக்காங்க. நான் மூடியத் தொறந்து ரெண்டு வெரல்ல ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கிப் பாத்தேன். நொறுங்குதுங்க தம்பி. துளி ஈரம் இல்ல. வாசம் போயிருச்சு, ஆனா கெடல. எங்க ஊர்ல இருந்திருந்தா ஒரே மழையில பூசணம் பூத்திருக்கும்.

அவளும் இருந்திருப்பாளுங்க. இங்கிருந்திருந்தா இருந்திருப்பா. முப்பத்தொரு வருஷம் ஊராருக்குக் குடிக்கறதுக்கு ஈரம் பாத்துக் குடுத்தவன் நானு. என்ற ஊட்டுக்குள்ள ஒருத்தி நனைஞ்சுட்டே இருந்ததப் பாக்கல. பாக்கலைன்னு சொல்றதும் பொய்யி. பாத்தேன், மூணு நாளு போதும்னு இருந்துட்டேன்.

அதோ, மணியடிச்சாச்சு, பூசை முடிஞ்சுது. செசிலி வந்துருவாங்க, மாடி ரூம் கேட்டுக்குங்க. உங்க வீட்டுக்காரம்மா கார்ல இருந்து எறங்கி வெயில்ல நிக்கறாங்க பாருங்க, நிக்கட்டும், கூப்பிடாதீங்க.

நானா? எனக்கு நேத்து மத்தியானம் ஒரு மணிக்கு பஸ். பையெல்லாம் கட்டி வெச்சுட்டு, இந்தச் சேர்ல உக்காந்திருந்தேன். டைம்பீஸுல ஒரு மணியும் ஆச்சு, ரெண்டு மணியும் ஆச்சு. எந்திரிக்கல. அப்பறம் பையப் பிரிச்சு எல்லாத்தையும் அவ வெச்சிருந்த எடத்துலயே திருப்பி வெச்சுட்டேன். இன்னைக்கு நாலாவது நாளுங்க. காலையில இருந்து இந்த முத்தத்தையே பாத்துட்டிருக்கேன், நாலாவது நாளு வெயில் எப்படி அடிக்குதுன்னு. அவ ஒருக்கா கூடப் பாத்ததில்ல.